எந்த மேப்பை நம்பி வண்டியை எடுப்பது?

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, இரவு 8 மணி. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் வந்து சேர்வதற்குள் பின் இருக்கையில் குழந்தைகள் ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிட்டார்கள். முன்னால் ஆம்னி பஸ், பக்கத்தில் ஆம்னி பஸ், பின்னால் ஓயாத ஹாரன். ஆனால், காரோடு வந்த நேவிகேட்டர் திரையில் ஜி.எஸ்.டி. சாலை சலனமில்லாத நீலக் கோடாகக் கிடந்தது. திருச்சிக்கு ஐந்தரை மணி நேரம் என்றது. மனைவியின் கையிலிருந்த போனில் அதே சாலை செங்கல்பட்டு வரை கருஞ்சிவப்பு. எட்டு மணி நேரம் ஆகும் என்றது அது. ஒரே சாலை, ஒரே நிமிடம், இரண்டு பதில்கள்.

போன் சொன்னதுதான் நடந்தது. விடியற்காலை 4 மணிக்குத்தான் திருச்சி போய்ச் சேர்ந்தோம். மறுநாள் நிதானமாகக் காரின் கையேட்டைப் புரட்டியபோது காரணம் கிடைத்தது. நேரலைப் போக்குவரத்துத் தகவல் 3 ஆண்டுகளுக்கு இலவசம், பிறகு சந்தா கட்ட வேண்டும். அந்த 3 ஆண்டு முடிந்து 2 மாதம் ஆகியிருந்தது. திரையில் அதைப் பற்றி ஒரு வரி அறிவிப்புகூட வரவில்லை. சிவப்புக் கோடுகள் மட்டும் ஓசையில்லாமல் மறைந்துபோயிருந்தன. பணம் கட்டச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. ‘தகவல் இல்லை’ என்பதும் ‘நெரிசல் இல்லை’ என்பதும் அந்தத் திரையில் ஒன்றுபோலவே தெரிந்ததுதான் உறுத்தியது. மூன்று வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு நடுச்சாலையில் நிற்கும் குடும்பத்துக்கு இது சின்ன வித்தியாசம் இல்லை.

கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் திரை எத்தனை அங்குலம் என்று கேட்கிறார்கள். பின்பக்க கேமரா உண்டா, பாட்டு நன்றாகக் கேட்குமா என்று பார்க்கிறார்கள். டிராஃபிக் தகவல் எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுக்கு வரும், நாம் தினமும் போகும் சாலைக்கு வருமா என்று கேட்பவர்கள் அரிது. இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் நேவிகேட்டருக்குக் காசு கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

செயற்கைக்கோளுக்கு நெரிசல் தெரியாது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஜி.பி.எஸ். பார்த்துச் சொல்கிறது’ என்று நாம் சொல்கிறோம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் சாலையைப் பார்ப்பதே இல்லை. அது நேரத்தையும் தன் இருப்பிடத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கிறது. நம் கருவி பல செயற்கைக்கோள்களின் ஒலிபரப்பைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட்டுக்கொள்கிறது. அவ்வளவுதான். அந்தக் கணக்கும் பொதுமக்களுக்கு ஒரு காலத்தில் வேண்டுமென்றே மங்கலாகத்தான் கொடுக்கப்பட்டது. 2000-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்க அரசு அந்த மங்கலை நீக்கிய பிறகுதான் கார்களுக்கான நேவிகேட்டர் உருப்படியான பொருளாயிற்று. அப்போதும் அதற்குத் தெரிந்தது ‘நீ கத்திபாராவில் இருக்கிறாய்’ என்பது மட்டும்தான். கத்திபாராவில் வண்டி நகர்கிறதா என்பது வேறு வழியாக வந்தாக வேண்டும்.

அந்த வேறு வழி முதலில் வானொலியாக இருந்தது. ஜப்பான் 1996-ல் சாலையோரக் கருவிகள் மூலமும் எஃப்.எம். அலை மூலமும் காருக்குள் நெரிசல் தகவலை அனுப்பத் தொடங்கியது. மறு ஆண்டு ஜெர்மனியில் டி.எம்.சி. என்ற முறை வந்தது. எஃப்.எம். நிலையம் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, காதுக்குக் கேட்காத மெல்லிய தரவு ஓடை ஒன்று அதே அலையில் ஓடும். அதன் வேகம் நொடிக்கு 1,187.5 பிட். இன்றைய போனோடு ஒப்பிட்டால் ஆமை. அந்த வேகத்தில் வாக்கியம் அனுப்ப முடியாது. அதனால் எல்லாமே எண்கள்: விபத்துக்கு ஓர் எண், சாலைப் பணிக்கு ஓர் எண், இடத்துக்கு ஓர் எண். காரில் உள்ள கருவி தன் பட்டியலைப் பார்த்து அந்த எண்ணைப் பேச்சாக மாற்றிக்கொள்ளும்.

அந்த முறையின் பலவீனமும் பட்டியலில்தான் இருந்தது. பட்டியலில் இருப்பவை நெடுஞ்சாலைகளும் முக்கியச் சந்திப்புகளும்தான். தெருக்களுக்கு எண் கிடையாது. நெடுஞ்சாலையில் விபத்து என்று சொல்லிவிட்டு, அதே கருவி உங்களைத் திருப்பிவிடும் சிறு சாலை ஏற்கெனவே பிதுங்கி வழிவது அதற்கே தெரியாது. 2007-ல் டாம்டாம் நிறுவனம் நெதர்லாந்தில் வோடஃபோனுடன் சேர்ந்து, கைபேசிகளின் நகர்வை வைத்து நெரிசலைக் கணித்து, கருவிக்குள்ளேயே சிம் வைத்து அனுப்பத் தொடங்கியது. அப்போதுதான் காட்சி மாறியது.

அமெரிக்காவில் அதே காலத்தில் மூன்று வகையான சேவைகள் போட்டியிட்டன: எஃப்.எம். வழி ஒன்று, செயற்கைக்கோள் வானொலி வழி ஒன்று, மைக்ரோசாஃப்டின் எம்.எஸ்.என். டைரக்ட் ஒன்று. நேவிகேட்டர் வாங்குவதைவிட இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதே அங்கே பெரிய தலைவலியாக இருந்தது. எம்.எஸ்.என். டைரக்ட் 2012 ஜனவரி 1-ம் தேதியோடு நின்றுபோயிற்று. அதற்கென்றே தனி ரிசீவர் வாங்கியவர்களிடம் ரிசீவர் மட்டும் மிஞ்சியது. பழைய கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. கருவி நம்முடையது, தகவல் நம்முடையது அல்ல. பெருங்களத்தூரில் எனக்கு நேர்ந்ததும் இதேதான்.

சிவப்பு எப்படிச் சிவப்பாகிறது?

2008 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு சோதனை நடந்தது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 100 கார்களில் ஜி.பி.எஸ். உள்ள நோக்கியா போன்களை வைத்து, ஐ-880 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் நாள் முழுக்க முன்னும் பின்னுமாக ஓட்டவிட்டார்கள். ஓட்டியவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். சாலையில் பதித்த உணரிகள் தந்த வேகத்தையும் போன்கள் தந்த வேகத்தையும் ஒப்பிட்டார்கள். போகும் வண்டிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்றில் இப்படி ஒரு போன் இருந்தாலே சாலையின் வேகத்தைச் சரியாகச் சொல்லிவிடலாம் என்று தெரிந்தது. சாலையைத் தோண்டிக் கருவி புதைக்க வேண்டியதில்லை என்பதை நிரூபித்த நாள் அது.

அடுத்த ஆண்டே கூகிள் தன் பயனர்களின் போன்களிலிருந்து வேகத்தை அறிந்து சாலைகளுக்கு நிறம் பூசத் தொடங்கியது. 2012-ல் சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களுக்கும் அந்த நிறங்கள் வந்தன. இன்று அண்ணா சாலையில் தெரியும் சிவப்பு நாமே வரைவது. நம் சட்டைப் பையிலும் டேஷ்போர்டிலும் இருக்கும் போன்கள் ‘நான் நகரவில்லை’ என்று சொல்லச் சொல்ல அது அடர்கிறது.

இதை யாரும் மறக்காதபடி காட்டியவர் பெர்லினைச் சேர்ந்த கலைஞர் சைமன் வெக்கர்ட். 2020-ல் 99 போன்களை ஒரு கைவண்டியில் போட்டு, காலியான தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்துபோயிற்று. அதற்குக் கூகிள் தந்த விளக்கத்தில் நமக்கு வேண்டிய ஒரு செய்தி இருந்தது: இந்தியா, இந்தோனேஷியா, எகிப்து போன்ற நாடுகளில் காரையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்தறியும் வசதியைக் கொண்டுவந்திருக்கிறோம் என்றது.

நம் ஊருக்கு இது உயிர்நாடியான விஷயம். தி.நகர் பனகல் பார்க் அருகே நெரிசலில் கார் ஒரு சிக்னலுக்குப் பத்தடி நகரும்போது, பைக்குகள் இடுக்கில் புகுந்து முன்னால் போய்விடுகின்றன. பைக்கின் வேகத்தையும் காரின் வேகத்தையும் சேர்த்துச் சராசரி போட்டால் அந்தச் சாலை உண்மையைவிட நன்றாகத் தெரியும். எனவே எந்தச் சேவையைப் பார்த்தாலும் முதல் கேள்வி: இது இருசக்கர வண்டியையும் காரையும் பிரித்துப் பார்க்கிறதா? கூகிளில் இருசக்கர வண்டிக்கான தனி முறை 2017 டிசம்பரில் இந்தியாவில் வந்தது. காரில் ஏறிய பிறகும் அதே முறையை மாற்றாமல் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோகூடத் திரும்ப முடியாத சந்துக்குள் போய் நின்றுகொண்டு மேப்பைத் திட்டுவார்கள்.

இன்னொரு சிக்கல் உயரம். திறந்தவெளியில் போனின் ஜி.பி.எஸ். ஏறக்குறைய 5 மீட்டர் ஆரத்துக்குள் இடத்தைச் சொல்லும். மேம்பாலமும் அதை ஒட்டிய சர்வீஸ் ரோடும் அதைவிட நெருக்கமாக ஓடும் ஊர் நம்முடையது. மேலே ஓடும் வண்டியின் வேகத்தைக் கீழே நிற்கும் சாலையின் கணக்கில் எழுதிவிட வாய்ப்பு உண்டு. மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, பக்கவாட்டில் போக வேண்டுமா என்று முன்கூட்டியே சொல்லும் வசதியைக் கூகிள் 2024-ல்தான் இந்தியாவில் தந்தது. குறுகிய சாலைகளை அடையாளம் கண்டு கார்களை அவற்றிலிருந்து விலக்கும் வசதியும் அப்போதே வந்தது. முதலில் கிடைத்த 8 நகரங்களில் சென்னையும் கோவையும் உண்டு.

மழைக்கால மேப்

இவ்வளவு பாராட்டியாயிற்று. இனி, என்னைத் தூங்கவிடாத பகுதி.

சைதாப்பேட்டையிலிருந்து கிண்டி போகும்போது ஒரு கால்டாக்ஸி டிரைவரிடம் மேப்பை நம்புவீர்களா என்று கேட்டேன். “நம்பாம எப்படி சார் ஓட்றது? ஆனா ஒண்ணு. அது வண்டியத்தான் பாக்குது, ரோட்டப் பாக்கல. மழ வந்துச்சுன்னா நான் மேப்ப ஆஃப் பண்ணிடுவேன்” என்றார்.

நான் ஒரு பக்கத்தில் விளக்க முயன்றதை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். பெருமழையில் தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதையிலோ வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ தண்ணீர் நிரம்பினால் என்ன நடக்கிறது? முதல் சில நிமிடம் வண்டிகள் திணறும், சிவப்பு தெரியும். பிறகு போலீஸ் தடுப்பு போடும். அந்தப் பக்கம் வண்டியே போகாது. போகாத சாலையிலிருந்து எந்தப் போனும் எதுவும் சொல்லாது. தகவல் வராத சாலைக்குச் சேவை தன் பழைய நினைவிலிருந்து ஒரு வேகத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ‘வழக்கமாக இந்த நேரத்தில் இது நன்றாக ஓடும் சாலை’ என்ற நினைவு அது. மூடிய சாலைக்கும் காலியான சாலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது அங்கேதான். மூடியிருப்பதாக யாராவது ஒரு மனிதர் சொன்னால்தான் அதற்குத் தெரியும்.

2024 அக்டோபர் மழையெச்சரிக்கையின்போது வேளச்சேரிக்காரர்கள் கார்களைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பட்ட அனுபவம் அது. ஆனால் போனில்லாமல் நிற்கும் அந்தக் கார்களை எந்தச் சேவையும் காணாது. பாலத்தின் அகலம் குறைந்துபோனதும் அதற்குத் தெரியாது.

அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே முழுமையடையாத பாலத்திலிருந்து ஒரு கார் ராம்கங்கா ஆற்றில் விழுந்து 3 பேர் இறந்தார்கள். அவர்கள் மேப்பைப் பார்த்துப் போனதாகச் செய்திகள் வந்தன. பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. தடுப்பு வைக்காத துறையையும் வழி காட்டிய செயலியையும் மாறிமாறிக் குற்றம் சொன்னார்கள். என் பார்வையில், அங்கே முதலில் இருந்திருக்க வேண்டியது ஒரு செங்கல் சுவர். மேப் அதற்குப் பிறகுதான்.

எனவே சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது, சாலை மூடல் தகவல் அதற்குள் எப்படி வருகிறது என்பதை நெரிசல் நிறத்துக்கு இணையாக எடைபோட வேண்டும். சென்னையில் இதற்கு ஒரு நல்ல தொடக்கம் உண்டு. போக்குவரத்துக் காவல்துறை 2023-ல் ‘ரோட்ஈஸ்’ என்ற செயலி வழியாக, மூடிய சாலைகளையும் மாற்றுப்பாதைகளையும் கூகிள் வரைபடத்தில் உடனே காட்டும் முயற்சியைத் தொடங்கியது. 118.9 கிலோமீட்டருக்கு இரண்டாம் கட்ட மெட்ரோ பணி திட்டமிடப்பட்ட ஊரில், நேற்று இருவழியாக இருந்த சாலை இன்று ஒருவழியாகும் ஊரில், இது ஆடம்பரம் இல்லை, அவசியம்.

சரி, எது?

சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களுக்குள் ஓட்டுபவர்களுக்கு என் முதல் தேர்வு கூகிள் மேப். தகவல் தரும் போன்கள் அதில்தான் அதிகம், அதற்கு மேல் காரணம் தேவையில்லை. பெர்க்லி சோதனை சொன்ன நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவை நம் நகரச் சாலைகளில் அது எளிதாகத் தாண்டிவிடுகிறது. தமிழில் வழி சொல்லும் குரலும் இருக்கிறது. ஓட்டுநர் வேலை பார்ப்பவர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் அது பெரிய உதவி.

இரண்டாவதாகப் போனில் வைத்திருக்கச் சொல்வது மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ். 1995 முதல் இந்தியச் சாலைகளை வரைபடமாக்கிவரும் நிறுவனம் அது. சிக்கலான சந்திப்புகளை முப்பரிமாணப் படமாகக் காட்டுவதில் அதன் உழைப்பு தெரிகிறது. கத்திபாராவில் முதல்முறை ஏறுபவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு ஏறலாம். ஒரு சேவை சறுக்கும்போது கைகொடுக்க இன்னொன்று இருப்பது நல்லது.

வேஸ் நல்ல செயலி. இஸ்ரேலில் பிறந்தது, 2013-ல் கூகிள் வாங்கியது. ஓட்டுபவர்களே பள்ளம், விபத்து, போலீஸ் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் அதன் உயிர். ஆகவே உங்கள் சாலையில் அதை வைத்திருப்பவர்கள் இருந்தால்தான் அது பேசும். விழுப்புரம் தாண்டிய இரவில் அதற்குச் சொல்ல அதிகம் இருக்காது.

காரோடு வரும் நேவிகேட்டர்? வழி காட்டுவதற்கு நன்று. திரை பெரிது, குரல் தெளிவு, சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் வரைபடம் இருக்கும். ஆனால் நேரலை டிராஃபிக்கிற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுத்து மேல்நிலை மாடல் வாங்க வேண்டாம் என்பேன். ஆண்ட்ராய்டு ஆட்டோ அல்லது ஆப்பிள் கார்பிளே உள்ள சாதாரணத் திரை போதும். போனில் உள்ள மேப்பே அதில் தெரியும். அப்படியும் வாங்கினால் விற்பனையாளரிடம் இரண்டு பதில்களை எழுத்தில் கேளுங்கள்: டிராஃபிக் சேவை எந்தத் தேதியில் முடியும், முடிந்தால் திரை அதைத் தெரிவிக்குமா? சிம் காரிலேயே இருக்கிறதா, உங்கள் போனின் டேட்டாவில் ஓடுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ உறவினர் கொண்டுவரும் தனி நேவிகேட்டரின் டிராஃபிக் சந்தா பெரும்பாலும் அந்த நாட்டோடு முடிந்துவிடும். இங்கே அதை நம்பி இருக்க வேண்டாம்.

கொடைக்கானல், ஊட்டிப் பயணங்களுக்கு ஒரு வார்த்தை. ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம், கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் வழி மட்டுமே இருக்கும், நெரிசல் இருக்காது. மலையேறத் தொடங்கும் முன், சிக்னல் இருக்கும் அடிவாரத்திலேயே மேலே நிலவரம் என்ன என்று பார்த்துவிடுங்கள்.

என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். தினமும் போகும் வழியில், கிளம்பும் நிமிடத்தில் ஒவ்வொரு சேவையும் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த நேரத்தையும் எழுதுங்கள். 10 பயணத்துக்குள் உங்கள் சாலையை எது அறிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் செய்தபோது வியந்த விஷயம், காலை நேரத்தில் சேவைகளுக்குள் பெரிய வித்தியாசமே இல்லை. மாலை மழையில்தான் பிரிந்தன.

வேகம் கணிப்பதில் பழைய நினைவுக்குப் பெரிய பங்கு உண்டு. 2020-ல் கூகிளும் டீப்மைண்டும் சேர்ந்து, இப்போதைய வேகத்தோடு பழைய வாரங்களின் போக்கையும் கலந்து சேரும் நேரத்தைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தன. வழக்கமான திங்கட்கிழமைக்கு அது அருமை. தீபாவளிக்கு முந்தைய இரவு ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது, அதுவும் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில். கிளாம்பாக்கத்திலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரையிலான அந்த இரவை எந்தக் கணிப்பும் முந்தைய நாளே சரியாகச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பண்டிகைக்குக் கிளம்பும்போது திரையில் தெரியும் நேரத்தோடு இரண்டு மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டு சாப்பாடும் தண்ணீரும் எடுத்து வையுங்கள்.

போனைக் கையில் பிடித்தபடி ஓட்டாதீர்கள். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கைக்கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. சில நூறு ரூபாய் ஸ்டாண்டு ஒன்று போதும். செல்லும் இடத்தை வண்டி கிளம்பும் முன்பே பதிந்துவிடுங்கள்.

மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு கோரிக்கை. சுரங்கப்பாதைக்குத் தடுப்பு வைக்கப் போகும் ஊழியரின் கையில் போன் இருக்கிறது. தடுப்பு வைத்த அதே நிமிடத்தில் அந்தச் சாலையை எல்லா மேப்பிலும் மூடியதாகக் குறிக்கும் பொறுப்பையும் அவருக்கே கொடுங்கள், அதற்கான வசதியையும் கொடுங்கள். திறந்தவுடன் திறந்ததாகவும் குறிக்க வேண்டும்.

அது நடக்கும்வரை வாசகர்களுக்கு: அடுத்த மழையில் சுரங்கப்பாதை வாயிலில் தண்ணீர் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தால், திரையில் எந்த நிறம் இருந்தாலும் வண்டியைத் திருப்புங்கள். ஓரமாக நிறுத்திவிட்டு, சாலை மூடியிருப்பதாக மேப்பில் பதிந்துவிட்டுப் போங்கள். பின்னால் வருபவருக்கு அது போய்ச் சேரும்.